மலைவழி வண்டிக்கு வில் தேர்தல்

மனிதன் கண்ட கருவிகளுள் வண்டி மிகத் தொன்மையானது. தலையிலும் தோளிலும் சுமந்து நடந்தவன், சுமையை உருளையின்மேல் ஏற்றி இழுக்கக் கற்றுக்கொண்ட நாள்தொட்டு ஒரு கவலை அவனை விடாது தொடர்ந்து வருகின்றது. பாதையோ மேடும் பள்ளமுமாய்க் கிடக்கின்றது. ஏறியிருப்பவரும் ஏற்றிய பொருளும் ஊறின்றிச் சென்று சேர்தல் வேண்டும். இக்கவலையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். உப்பு வணிகர் தாம் செல்லும் வழியில் ஏறுமிடத்தும் இறங்குமிடத்தும் யாது நேருமோ என்றெண்ணி, வண்டியின் அடியில் வேறோர் அச்சையும் கட்டிச் சென்றனர் என்பதை ஔவையார் புறநானூற்றின் 102 ஆம் பாட்டில் எடுத்துக்காட்டி, பொகுட்டெழினியை அச்சேம அச்சுக்கு ஒப்பிடுகின்றார். ஏற்றுவது மயிலிறகே யாயினும் அளவு கடந்தால் அச்சு முறியும் எனத் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் எச்சரிக்கின்றார். பாதையின் இயல்பு ஒன்று, சுமையின் அளவு ஒன்று. இவ்விரண்டையும் ஆராய்ந்த பின்னரே வண்டியை அமைத்தல் வேண்டும் என்பது இவற்றால் பெறப்படும். இக்காலத்து மோட்டார் வண்டிக்கும் இதுவே விதியாதலை ஈண்டு ஒருவாறு காட்டப் புகுகின்றோம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சின்னசேலம் வட்டத்தைச் சார்ந்த நைனார்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். இவ்வூர் சமநிலத்தது. இதற்கு வடக்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை பெரும்பாலும் 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயர்ந்து நிற்கின்றது. கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதை வளைவின்மேல் வளைவாய்ச் செல்வது. மலைமேல் வாழும் மலையாளி மக்கள் பெரிய சந்தையை நாடினும், உயர்ந்த மருத்துவத்தை நாடினும், கல்லூரிக் கல்வியை நாடினும் கீழிறங்கியே வரல் வேண்டும். ஆகலின், மலைக்கும் சமநிலத்திற்கும் இடையே ஓடும் சிறு வேன் ஒன்று காலையில் மூட்டை ஏற்றும். மாலையில் மாணவரை ஏற்றும். நள்ளிரவில் கருவுற்ற மாதினையோ காய்ச்சலுற்ற குழந்தையையோ ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு விரையும்.

முற்காலத்தில் இவ்விரு தொழிற்கும் இருவேறு வண்டிகள் இருந்தன. எருவும் நெல்லும் ஏற்றுதற்குக் கட்டைவண்டி. மக்கள் அமர்ந்து செல்லுதற்கு வில்வண்டி. கட்டைவண்டியில் அச்சின்மேல் உடல் நேரே அமர்ந்திருக்கும். பாதையின் ஒவ்வொரு கல்லும் ஏறியிருப்பவன் எலும்பில் தெரியும். வில்வண்டியில் அச்சிற்கும் உடற்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் உண்டு. அவை வளைந்து கொடுத்து அதிர்ச்சியைத் தணிக்கும். ‘ஸ்பிரிங்’ என்னும் பிறமொழிச் சொல்லுக்கு ‘வில்’ என்னும் அழகிய தமிழ்ச் சொல்லை நம் நாட்டு வண்டிக்காரரே வழங்கினர் என்பது கருதத்தக்கது. இன்றோ கட்டைவண்டியின் தொழிலையும் வில்வண்டியின் தொழிலையும் ஒரே வேன் செய்கின்றது. அதன் வில்லைத் தேர்தலிலுள்ள அருமையெல்லாம் இதன்கண்ணே உளது.

இவ்வண்டிகளுட் பல ஜப்பானியர் வகுத்தவை. இலங்கையிற் போலப் பயன்பட்ட ஜப்பானிய வண்டிகளைப் பெருவாரியாக இறக்குமதி செய்யும் வழக்கம் இந்தியாவில் இல்லை. ஜப்பானிய அமைப்பை இங்கேயே உருவாக்கும் வழக்கமே வளர்ந்தது. சுசுகி நிறுவனத்தின் கேரி வண்டியினின்று தோன்றிய மாருதி வேன் 1984 இல் வெளிவந்தது. பின்னர் ஆம்னி என்னும் பெயர் பெற்று 2019 வரை உருவாக்கப்பட்டது. டொயோட்டாவின் குவாலிஸ் 2000 இலும், அதன்பின் இன்னோவா 2005 இலும் வந்தன. ஆம்னிக்குப் பின்புறம் வில்வண்டியிற் போலப் பட்டை வில்லே உண்டு. இன்னோவாவிற்கோ முன்னும் பின்னும் சுருள் வில். ஆதலின் இவ்விரண்டும் நம் ஆராய்ச்சிக்கு ஏற்ற எடுத்துக்காட்டுகளாம்.

முதற்கண் வில்லின் தொழில் வேறு, அதிர்வடக்கியின் தொழில் வேறு என்பதை உணர்தல் வேண்டும். பட்டறையில் ஷாக் அப்சார்பர் என்று வழங்கும் அதிர்வடக்கி சுமையைத் தாங்குவதன்று. சுமையைத் தாங்குவது வில்லே. தாங்கும் வில் தான் பெற்ற ஆற்றலை மீளவும் கொடுத்து மேலும் கீழும் ஆடிக்கொண்டே யிருக்கும். அவ்வாட்டத்தை, எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே செலுத்தி வெப்பமாக்கி அடக்குவதே அதிர்வடக்கியின் தொழில். சுமை ஏற்றியவுடன் வண்டி தாழ்ந்தால், குறை வில்லினுடையது. பள்ளத்தைக் கடந்த பின்னும் வண்டி ஆடிக்கொண்டே சென்றால், குறை அதிர்வடக்கியினுடையது. இவ்வேறுபாடு அறியாதார், வில் தளர்ந்த வண்டிக்கு விலையுயர்ந்த அதிர்வடக்கி வாங்கிப் பூட்டி, மாற்றம் ஒன்றும் காணாது வருந்துவர்.

இழுப்பிற்கேற்பவே எதிர்விசை யென்னும் வில்லின் விதியை இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678 இல் விளக்கினார். அவ்விதியினின்று ஒரு கணக்குப் பெறலாம். சுமையால் வில் 25 செ.மீ. அமிழுமாயின் வண்டி நொடிக்கு ஏறக்குறைய ஒருமுறை மெல்ல ஆடும். வில்லைக் கடினமாக்கி அமிழ்வை 6 செ.மீ. அளவிற்குக் குறைத்தால் நொடிக்கு இருமுறை ஆடும். அமர்ந்திருக்கும் மனிதனுடலை மிக வருத்துவது நொடிக்கு 4 முதல் 8 வரை நிகழும் மேல்கீழ் அதிர்வு. வில் கடினமாகுந்தோறும் வண்டியின் ஆட்டம் அத்துன்ப எல்லையை நோக்கி நகரும் என்பது இதனாற் புலனாம்.

இனி, மாற்றம் செய்யப் புகுமுன் வண்டியைச் சோதித்தல் வேண்டும். டயர்க் காற்று உரிய அளவில் உளதா? வில்லின் முனைகளிலுள்ள ரப்பர்ப் புஷ்கள் தேய்ந்து வெடித்தனவா? அதிர்வடக்கியின் புறத்தே எண்ணெய் கசிகின்றதா? வண்டியின் ஒரு மூலையைக் கையால் அழுத்தி விடுமின். ஒருமுறை எழுந்து அடங்கினால் நன்று. பன்முறை ஆடினால் அதிர்வடக்கி தேய்ந்தது. பழைய வண்டிகளிற் பலவற்றிற்கு வேண்டுவது புதுமையன்று, புதுப்பித்தலே. தேய்ந்தவற்றை மாற்றிய பின்னும் குறை நிற்குமாயின், அப்பொழுதே வில்லைப்பற்றி எண்ணுதல் தகும்.

ஆம்னி போன்ற பட்டை வில் வண்டிக்கு மற்றொரு பட்டை சேர்த்தல் எங்கும் காணும் வழக்கம். ஒரே கனமுள்ள நான்கு பட்டைகள் இருக்குமிடத்து அத்தகைய ஐந்தாவது பட்டையைச் சேர்த்தால், வில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு கடினமாகும். சேர்ப்பது தடித்த பட்டையாயின் கடினம் இன்னும் விரைந்து ஏறும். கனத்தை இருமடங்காக்கின் அப்பட்டையின் கடினம் எண்மடங்காகும். சுருள் வில்லிலும் இத்தகையதே. கம்பியின் விட்டம் 12 மி.மீ. இருந்த இடத்து 13 மி.மீ. ஆயின், ஏனைய அளவுகள் மாறாதபோது, கடினம் ஏறக்குறைய 38 விழுக்காடு மிகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர் இத்துணை வேறுபாடு விளைத்தலின், பார்வை யளவில் வில் வாங்குதல் தகாது. சுருளிடையே ரப்பர்த் துண்டுகளைச் செருகுதலும் வண்டியை உயர்த்துமாயினும், சுருளின் ஒரு பகுதியை அசையவொட்டாது தடுத்து எஞ்சிய பகுதியை மிகுதியும் வருத்தும்.

வில்லை மாற்றுங்கால் அதற்கிணையான அதிர்வடக்கியும் வேண்டும். கடின வில் மிக்க விசையோடு மீளுமாகலின், பழைய அதிர்வடக்கி அதனை அடக்கமாட்டாது. சக்கரம் பாதையை விட்டுத் துள்ளும். வளைவில் துள்ளும் சக்கரத்திற்குப் பிடிப்பு இல்லை. பிடிப்பில்லாத இடத்துப் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பயன்படா. கல்வராயன் மலையின் வளைவில் இதன் பொருள் யாதென யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வண்டியை உயர்த்துதலையும் இளைஞர் பலர் விரும்புவர். உயரம் கல்லையும் பள்ளத்தையும் கடக்க உதவுவது மெய்யே. ஆயினும் அதற்குரிய விலையும் உண்டு. சக்கரங்களின் இடையகலம் 140 செ.மீ., எடையின் மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரம் எனக் கொள்வோம். அம்மையத்தை 5 செ.மீ. உயர்த்தின், வண்டி கவிழாது நிற்கும் ஆற்றல் ஏறக்குறைய 7 விழுக்காடு குறையும். அன்றியும், சில வண்டிகளில் பின்புறத் தாழ்வை அளந்தே பின்பிரேக்கின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கருவி உளது. பின்புறத்தை உயர்த்திவிட்டால் அக்கருவி, வண்டி வெறுமையாய் உளதென மயங்கி, சுமையுள்ள காலத்தும் பின்பிரேக்கைத் தளர்த்தும். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது. உச்சநீதிமன்றமும் 2019 இல் அதனை வலியுறுத்தியது. ஆதலின் உயரத்தையோ அமைப்பையோ மாற்ற எண்ணுவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே வினவுதல் கடன்.

அங்ஙனமாயின் மூட்டையும் நோயாளியும் மாறி மாறி ஏறும் வண்டிக்கு யாது செய்வது? மூட்டைக்கென வில்லைக் கடினமாக்கினால், நோயாளி ஏறிய இரவில் அவ்வண்டி கட்டைவண்டியாய் விடும். மூட்டை வலியறியாது, மனிதன் அறிவான். நோயாளிக்கென மென்மையாக்கினால், மூட்டை ஏறிய பகலில் பின்புறம் அமிழ்ந்து அடிமுட்டும். முகப்பு விளக்கு மேல்நோக்கி எதிர்வருவோர் கண்ணைக் கூசச் செய்யும். இதற்கொரு நடுவழி உண்டு. முதன்மை வில்லை உற்பத்தியாளர் குறித்த அளவிலேயே வைத்து, சுமை ஏறி வண்டி தாழும்போது மட்டும் தொட்டுத் தாங்கும் துணைப்பட்டையை அமைத்தல் பட்டை வில்லுக்கு ஏற்றது. சுருள் வில்லாயின், நெருக்கமாகவும் அகலமாகவும் சுற்றி, முதலில் மென்மையும் அழுந்த அழுந்தக் கடினமும் காட்டும் வகையைத் தேர்தல் தகும். ஆள் குறைந்த காலத்து மென்மை. சுமை மிகுந்த காலத்து வலிமை. இவற்றோடு வண்டிக்குரிய அளவில் வகுத்த நல்ல அதிர்வடக்கியைச் சேர்த்தால் போதும். அதனை வாங்க நெடுந்தொலை செல்ல வேண்டுவதுமில்லை. 1961 இல் தோன்றிய காப்ரியேல் இந்தியா போன்ற நிறுவனங்கள் இந்நாட்டிலேயே உருவாக்குகின்றன.

ஆயினும் ஒன்று மறவற்க. துணைப்பட்டை வண்டியின் தாழ்வைத் தடுக்குமே யன்றி, அச்சின் வலியையோ பிரேக்கின் வலியையோ டயரின் வலியையோ பெருக்காது. வண்டி தாழாமையைக் கண்டு இன்னும் இரண்டு மூட்டை ஏற்றலாம் என்று எண்ணுபவன், முன்னர் இருந்த எச்சரிக்கையையும் இழந்தவனாவான். வள்ளுவர் கூறிய மயிலிறகு இங்கேதான் அச்சை முறிக்கின்றது.

மாற்றங்களை ஒருசேரச் செய்யாது ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றன் பின்னும் அறிந்த பாதையில் ஓட்டிப் பார்த்தலும், இறுதியில் சக்கர நேர்மையையும் முகப்பு விளக்கின் நோக்கையும் சரிபார்த்தலும் நன்று. வண்டிக்குடையவர் பட்டறைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் இரண்டு வினாக்களுக்கு விடை எழுதிக்கொள்வாராக: இவ்வண்டியில் ஏறும் மிகப் பெரிய சுமை யாது? இவ்வண்டியில் ஏறும் மிக மென்மையான உயிர் யாது? முன்னதற்குத் துணைவில்லையும் பின்னதற்கு முதன்மை வில்லையும் தேர்ந்தெடுப்பின், வெள்ளிமலையினின்று இறங்கும் வண்டி மூட்டையையும் தாங்கும். மகப்பேற்றிற்கு விரையும் தாயையும் வருத்தாது.