பிரெஞ்சில் 'நடந்தது', 'நடந்துகொண்டிருந்தது'

பிரெஞ்சுப் பேச்சில் அன்றாடம் புழங்கும் இறந்தகால வடிவங்கள் இரண்டு: பாஸே கொம்போஸே, ஆம்பர்ஃபே. முன்னது நடந்து முடிந்ததைச் சொல்லும். 'அவுவார்' அல்லது 'எத்ர்' துணைவினையோடு வரும். பின்னது செயலின் நடுவில் நின்று பேசும்: நிலவிய சூழல், தொடர்ந்த செயல், பழைய வழக்கம். 'படித்துக்கொண்டிருந்தேன், தொலைபேசி அடித்தது' என்பதில் படிப்பு 'ழ லிஸே' என ஆம்பர்ஃபேயிலும், மணியடித்தது 'அ சொனே' எனப் பாஸே கொம்போஸேயிலும் அமையும்.

'சின்ன வயதில் பாட்டி கதை சொல்வாள்' என்று பழைய வழக்கத்துக்குத் தமிழ் எதிர்கால வடிவை இடும்; பிரெஞ்சு அங்கே ஆம்பர்ஃபேயைக் கேட்கும். ஆனால் நெடுங்காலம் நீடித்தது என்பதாலேயே ஆம்பர்ஃபே வந்துவிடாது. பலரும் சறுக்குவது இங்கேதான். 'அங்கே பத்தாண்டு வாழ்ந்தார்' என்று எல்லை கட்டிச் சொன்னால் பாஸே கொம்போஸேதான். சில வினைகளில் பொருளே மாறும்: 'ழ சவே' என்றால் தெரிந்திருந்தது, 'ழே சு' என்றால் தெரியவந்தது.

ஆம்பர்ஃபேயை உருவாக்குவது எளிது. நிகழ்காலத்தில் 'நூ' (நாம்) வடிவத்தின் இறுதி விகுதியை எடுத்துவிட்டு உரிய விகுதியைச் சேர்த்தால் போதும். 'எத்ர்' மட்டும் விலக்கு.

கடந்த நிகழ்வுக்கும் முந்தையதை, 'போயிருந்தார்' என்பதுபோல, ப்ளூ-க-பார்ஃபே சொல்லும். பாஸே சாம்ப்ள் என்ற இன்னொரு இறந்தகால வடிவம் எழுத்து நடைக்கு உரியது. நாவல், வரலாறு படிக்கையில் அடையாளம் தெரிந்தால் போதும். அந்த மரபை விட்டு, 1942இல் வெளிவந்த 'அந்நியன்' நாவலை ஆல்பெர் கம்யு பெரும்பாலும் பாஸே கொம்போஸேயிலேயே எழுதினார்.