கிராமப் பள்ளியும் விஞ்ஞானக் கல்வியும்

நாட்டிற்கு விஞ்ஞானிகளும் எஞ்சினீயர்களும் மிகுதியாக வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அவர்களை உருவாக்கும் பொறுப்புக் கல்லூரிகளுக்கே உரியது என்று நம்மில் பலர் எண்ணி வருகிறோம். நாற்றங்காலில் நலிந்துபோன நாற்றை, நடவு வயலில் எவ்வளவு உரமிட்டாலும் முழுமையாகத் தேற்ற இயலாது என்பதை விவசாயிகள் நன்கறிவர். கல்வியிலும் அவ்வாறே. கல்லூரி நடவு வயல் என்றால், பள்ளியே நாற்றங்கால். அதிலும் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மூன்று ஆண்டுகள், ஏன், எப்படி என்று குழந்தை வினவத் தொடங்கும் பருவமாகும்.

கோத்தாரி கல்விக் குழு 1966-இல் அளித்த அறிக்கை, பள்ளியின் முதல் பத்தாண்டுகளிலும் விஞ்ஞானமும் கணிதமும் அனைவருக்கும் கட்டாயப் பாடமாக இருத்தல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பாடம் கட்டாயமாயிற்று. எனினும் அதனைக் கற்பிக்கும் முறை போதிய அளவு மாறவில்லை என்பதே நம் முன்னுள்ள குறை.

கிராமத்தில் திறமைக்குக் குறைவில்லை

கிராமப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் எட்டாக் கனி என்று கருதுவது தவறு. 2008-இல் நிலவுக்குச் சென்ற சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை, கோவை மாவட்டத்துக் கோதவாடிச் சிற்றூரில் பிறந்தவர். 2018 முதல் 2022 வரை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக விளங்கிய கே. சிவன், குமரி மாவட்டத்துக் கிராமமொன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தமிழ்வழி அரசுப் பள்ளியில் பயின்றவர். 2023-இல் வெற்றி கண்ட சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்தில் இரயில்வே பள்ளியில் படித்து, பாலிடெக்னிக் வழியாகப் பொறியியலுக்குச் சென்றவர். இத்தகையோர் ஊருக்கு ஒருவராகத் தோன்ற வேண்டுமாயின், தற்செயலை நம்பியிராமல் பள்ளியைச் சீர்செய்தல் வேண்டும்.

மனப்பாடமும் செய்முறையும்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ‘காற்றுக்கு அழுத்தம் உண்டு’ என்னும் வாக்கியத்தைப் பத்து முறை எழுதி மனப்பாடம் செய்யும் மாணவன் தேர்வில் மதிப்பெண் பெறலாம். கிணற்றின் மேலே வைத்த மோட்டார் பம்பு, நீர்மட்டம் மிகவும் தாழ்ந்ததும் நீரை இழுக்க மறுப்பது ஏன் என்று அவனைக் கேட்டால் விழிப்பான். பம்பு குழாயிலுள்ள காற்றை நீக்குகிறது. வெளியிலுள்ள காற்றின் அழுத்தமே நீரை மேலே தள்ளுகிறது. அவ்வழுத்தம் ஏறத்தாழ 10 மீட்டர், அதாவது 34 அடி உயரத்திற்கு மேல் நீரைத் தாங்காது. நடைமுறையில் 7 அல்லது 8 மீட்டருக்கு மேல் இழுப்பதே அரிது. ஆகையால்தான் மோட்டாரைக் கிணற்றினுள் இறக்கி வைக்கிறோம், அல்லது நீர்மூழ்கி மோட்டாரை நாடுகிறோம். தந்தை வயலில் செய்வதன் காரணத்தை மகன் வகுப்பில் கண்டறிவானாயின், அன்றே அவன் எஞ்சினீயராகும் வழியில் அடியெடுத்து வைத்தவனாவான்.

ஹோஷங்காபாத் தரும் பாடம்

இவ்வாறு கற்பித்தல் கிராமங்களில் இயலுமா என்னும் வினாவிற்கு மத்தியப் பிரதேசம் விடை தந்துள்ளது. இன்று நர்மதாபுரம் என வழங்கும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-இல், 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புதிய முயற்சி தொடங்கப்பட்டது. கிஷோர் பாரதி, ரசூலியா நட்புறவுக் கிராம மையம் என்னும் இரு தொண்டு நிறுவனங்கள் முன்னின்றன, அரசு இசைவளித்தது, பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் வந்து கிராம ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தனர். மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து தாமே பரிசோதனை செய்தனர், கண்டதை எழுதினர், பின்னரே முடிவு கூறினர். எளிய, விலை குறைந்த உபகரணங்களே பயன்பட்டன. தேர்வும் மாற்றப்பட்டது. மாணவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. 1978-இல் இம்முறை மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 1982-இல் தோன்றிய ஏகலவ்யா நிறுவனம் இப்பணியைத் தொடர்ந்தது.

முப்பது ஆண்டுகள் நடைபெற்ற இத்திட்டத்தை மாநில அரசு 2002-இல் நிறுத்திவிட்டது. மற்றப் பாடத்திட்டத்தில் பயிலும் மாணவரைவிட இம்மாணவர் பின்தங்குவர் என்ற குறை கூறப்பட்டது. திட்டத்தை நடத்தியோர் அதனை மறுத்தனர். இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. ஆசிரியரும் அறிஞரும் முயன்றால் நல்ல முறையைத் தொடங்கிவிடலாம். அதன் பயனை ஊரும் பெற்றோரும் உணர்ந்து ஆதரித்தால்தான் அது நிலைக்கும். மதிப்பெண் ஒன்றையே ஊர் கேட்குமாயின், பள்ளியும் மதிப்பெண்ணை மட்டுமே தரும்.

நம் ஊரிலேயே செய்யத்தக்கவை

பெரும் பொருட்செலவு இல்லாமல் எந்தப் பள்ளியிலும் தொடங்கத்தக்க மூன்று பரிசோதனைகளை இங்குக் கூறுகிறோம்.

1. மழை அளத்தல்: அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள தகர டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் நாள்தோறும் அளக்கலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் பரப்புள்ள பள்ளிக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர் விழும். இக்கணக்கைப் போட்ட மாணவர்கள், மழைநீர்த் தொட்டியின் அளவை ஊராருக்கே எடுத்துக் கூறுவர்.

2. விதை முளைப்பு: நூறு நெல் விதைகளை ஊறவைத்து ஈரச் சாக்கில் பரப்பி, முளைத்தவற்றை எண்ண வேண்டும். சான்று பெற்ற நெல் விதையில் நூற்றுக்கு எண்பதேனும் முளைத்தல் வேண்டும். ஊரில் வாங்கிய விதைகளையும் வீட்டில் சேமித்த விதைகளையும் ஒப்பிட்டு மாணவர் எழுதும் பட்டியல் விவசாயிக்கும் பயன்படும்.

3. நிழல் அளத்தல்: சமதரையில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, மணிக்கொரு முறை நிழலின் நுனியைக் குறிக்க வேண்டும். நிழல் மிகக் குறுகும் நேரமே உச்சி. அப்போது அது காட்டுவது வடக்குத் தெற்குக் கோடு. ஓராண்டு முழுவதும் தொடர்ந்தால் சூரியனின் வடசெலவும் தென்செலவும் விளங்கும். விகிதம், கோணம் ஆகிய கணிதமும் உடன் வந்து சேரும்.

பஞ்சாயத்தின் கடமை

இவை ஆசிரியரின் வேலை, நமக்கு என்ன என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஒதுங்கியிருத்தல் கூடாது. 1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பள்ளிக் கல்வியையும் தொழிற்பயிற்சியையும் நூலகத்தையும் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களாகப் பட்டியலிட்டுள்ளது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உள்ளாட்சிப் பிரதிநிதிக்கும் அதில் இடமுண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பது அக்குழுவின் பணி. ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர்க்குப் பரிசோதனை வழியே விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கத் தமிழக அரசு 2022-இல் ‘வானவில் மன்றம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இவற்றை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்வது நம் கையில் உள்ளது.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் நான்கு வினாக்களை எழுப்புமாறு வேண்டுகிறோம். பள்ளியிலுள்ள விஞ்ஞான உபகரணங்கள் பூட்டிய அலமாரியில் உள்ளனவா, மாணவர் கையில் உள்ளனவா? கணித, விஞ்ஞான ஆசிரியர் இடம் ஏதேனும் காலியாக உள்ளதா? அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் அடங்கிய பிரிவு உண்டா? பத்தாம் வகுப்புத் தேறிய பெண்கள் அப்பிரிவில் சேர்கிறார்களா? பொறியியல் பட்டப்படிப்புக்கு இப்பாடங்கள் பொதுவாக வேண்டப்படுவதால், பதினைந்து வயதில் மூடப்படும் கதவைப் பின்னர்த் திறப்பது கடினம். அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்களைத் தமிழக அரசு 2021-இல் சட்டத்தின் வாயிலாக ஒதுக்கியது. அவ்விடங்களை நம் ஊர்ப் பிள்ளைகள் அடைவதற்கான தகுதி, ஆறாம் வகுப்பிலேயே விதைக்கப்பட வேண்டியதாகும்.

ஊரில் சாலை போட்டால் அடுத்த மாதமே பயன் தெரியும். பள்ளியில் இடும் விதைக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தென்னை நட்டுப் பலன் காணப் பொறுத்திருக்கும் நம் விவசாயப் பெருமக்களுக்கு இப்பொறுமை புதிதன்று. இவ்வாண்டே ஊர்தோறும் ஒரு மழைமானியும் ஒரு நிழற்கோலும் பள்ளி முற்றத்தில் எழுமாறு செய்வோமாக.