வருஷத்துக்கு ஒரு சட்டை



இந்த மாத வேத பாடத்துக்கு 1 சாமுவேல் 2-ம் அதிகாரம் 19-ம் வசனத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்னாளின் ஜெபத்தைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அவள் மனங்கசந்து அழுதது, ஏலி அவளைக் குடிவெறிக்காரி என்று நினைத்தது, பால்மறந்த பிள்ளையைக் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டது, எல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனா அதுக்கப்புறம் அந்த அம்மா வருஷா வருஷம் என்ன செஞ்சாங்க என்பதை நின்று பார்க்கிறவர்கள் குறைவு. புருஷனோடே பலி செலுத்தப் போகும்போதெல்லாம் மகனுக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டு போனாள். ஒரே வசனம், அதோடு சரி. பனியன் ஊர்க்காரர்களாகிய நாம் இதை அவசரமாகத் தாண்டிப் போகலாமா?

நான் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கட்டிங் டேபிளில் நிற்கிறவன். இந்த வசனத்தைப் படிச்சவுடனே எனக்கு வருகிற கேள்வி ஒண்ணுதான். அளவு எப்படிங்க தெரிஞ்சுது? பிள்ளை இருக்கிறது சீலோவில், தாய் இருக்கிறது ராமாவில். பார்த்து ஒரு வருஷம் ஆகுது. போன வருஷம் பார்த்த பிள்ளைக்குத் தைத்தால் இந்த வருஷம் கை ஏறாது.

குழந்தைகள் ஆர்டரில் வேலை செஞ்ச சகோதர சகோதரிகளுக்கு இது நல்லாப் புரியும். ஐரோப்பாவுக்குப் போகிற குழந்தைச் சட்டையில் 92, 98, 104, 110, 116 என்று சைஸ் போடுவார்களே, அது என்ன நம்பர் என்று நம்மில் பல பேர் கேட்டதில்லை. அது பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். 92 என்றால் ரெண்டு வயசு, 98 மூணு, 104 நாலு. ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் ஆறு சென்டிமீட்டர். ஏன் ஆறு? ரெண்டு வயசுக்கு மேலே ஒரு பிள்ளை ஒரு வருஷத்தில் வளருகிறது ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது ஒரு சைஸ் என்பது ஒரு வருஷம். நாம் லே போட்டு அடுக்கடுக்காக வெட்டுகிறது துணியை மட்டும் இல்லை, யாரோ ஒரு பிள்ளையின் ஒரு வருஷத்தை.

கைக்குழந்தை இன்னும் வேகம். பிறக்கும்போது ஏறக்குறைய 50 சென்டிமீட்டர், முதல் பிறந்தநாளுக்குள் 75. அந்தச் சார்ட்டில் 50, 56, 62, 68, 74 என்று ஒரே வருஷத்தில் நாலு படி ஏறிவிடுகிறது. பிறந்த எடை ஒரு வயசில் மூணு மடங்கு. ரெண்டு வயசு முடியும்போது, அந்தப் பிள்ளை பெரிய ஆளாகி நிற்கப்போகிற உயரத்தில் பாதி வந்துவிடுகிறது. பாதி உயரம் ரெண்டே வருஷத்தில்! மீதிப் பாதிக்குத்தான் பதினஞ்சு, பதினாறு வருஷம். அந்த முதல் ரெண்டு வருஷம் நம் ஊரில் அப்பன்மார் எங்கே இருக்கிறோம்? கம்பெனியில் இருக்கிறோம். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

கணக்கு என்று வந்துவிட்டதால் அதையும் போட்டுப் பார்ப்போம். காலையில் போனால் ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம். ஷிப்மென்ட் நெருங்கினா நைட்டும் உண்டு. சனிக்கிழமை சம்பளம். பிள்ளைகள் தூங்கும்போது கிளம்பி, தூங்கினபிறகு வருகிற வீடுகள் நம் சபையிலேயே எத்தனையோ. அப்போ பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறது ஞாயிற்றுக்கிழமைதான். பிறந்ததிலிருந்து 21 வயசில் பட்டம் வாங்குகிற வரைக்கும் ஒரு பிள்ளைக்கு 1,092 ஞாயிறு. பன்னிரண்டு வயசுக்குள் 624. அதில் காலை ஆராதனை, மாலைக் கூட்டம், கல்யாணம், துக்கம், சந்தை எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். (ஊழியக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆராதனையைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆராதனை முடிஞ்ச பிறகு நடக்கிற கமிட்டிகளைத்தான் சொல்கிறேன்.)

எங்க வீட்டில் நான் செய்த ஒரு காரியத்தைச் சாட்சியாகச் சொல்கிறேன். மகன் பிறந்தது 2004-ம் வருஷம். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் துணி எடுக்கப் போகிறதுக்கு முந்தின ராத்திரி அவனைக் கதவோரம் நிற்கவைத்து, கம்பெனி டேப்பால் அளந்து, மார்க்கிங் சாக்கட்டியால் கோடு போடுவேன். வாடகை வீடு. சுவத்துல கிறுக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க. அதனால வேதாகமத்தின் கடைசி வெள்ளைத்தாளில் எழுத ஆரம்பித்தேன். வீடு நாலு தடவை மாறினோம். சுவரில் எழுதியிருந்தால் அங்கேயே விட்டுட்டு வந்திருப்போம். 2006-ல் 85. 2010-ல் 113. 2016-ல் 145. அதற்குப் பிறகு பாருங்கள், 2017-ல் 153, 2018-ல் 161! ஆண் பிள்ளைகளுக்குப் பதிமூணு, பதினாலு வயசில் இப்படித்தான் ஒரு தாண்டு தாண்டும். சார்ட்டில் உள்ள ஆறு அங்கே செல்லாது. அந்த ரெண்டு வருஷமும் தாயார் யூனிபார்ம் பேன்ட்டின் உள்மடிப்பைப் பிரிச்சுப் பிரிச்சு விட்டாங்க. ஒரு கட்டத்தில் பிரிக்க மடிப்பு இல்லை. 2021-ல் 171. 2022-ல் அதே 171. அந்த வருஷம் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு இருந்தேன். இனி எழுத ஒண்ணும் இல்லை.

2025-ல் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முடித்தான். பட்டமளிப்பு விழாவுக்கு நாங்க ரெண்டு பேரும் அரை ஷிப்ட் விட்டுட்டுப் போனோம். பிள்ளைகள் எல்லாம் வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியில் வரிசையாக நின்றார்கள். அந்த அங்கிக்கு எஸ், எம், எல் ஒண்ணும் கிடையாது. எல்லாருக்கும் ஒரே அளவு, எல்லாருக்கும் தொளதொள. செக்கிங்கில் வேலை செய்கிற என் வீட்டுக்காரம்மா கை சும்மா இருக்குமா? மகன் தோளில் தொங்கின நூல் பிசிரைக் கிள்ளி எடுத்துவிட்டுத்தான் போட்டோவுக்கு நின்றாள். பக்கத்தில் நின்ற இன்னொரு தாயும் தன் மகனுக்கு அதையே செய்தார்கள். அவங்களும் பனியன் கம்பெனிதான் போல.

அந்த மண்டபத்தில் இருந்த பெற்றோரில் எத்தனை பேர் கல்லூரி வாசலை மிதித்திருப்பார்கள்? நான் 1990-ல், பதிமூணு வயசில் கை மடிக்கச் சேர்ந்தவன். டெய்லர் பக்கத்தில் உட்கார்ந்து, தைத்து வருகிற பீஸை மடித்துக்கொடுக்கிற வேலை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது, ஆனா எங்களைப் போல அநேகம் பிள்ளைகள் அப்போது டேபிள் ஓரம் இருந்தோம். பிறகு அரசாங்கமும் பார்த்தது, வெளிநாட்டு பையர்களும் வந்து வயசு கேட்க ஆரம்பித்தார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் ஆறிலிருந்து பதினாலு வயசு வரைக்கும் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016-ல் திருத்திய சட்டம், பதினாலு வயசுக்குள் உள்ள பிள்ளையை எந்தக் கம்பெனியிலும் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பையன்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ம் தேதி கோயம்புத்தூரில் தொடங்கியது. பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்குப் போகிறவர்கள் 'முதல் பட்டதாரி' என்று சான்றிதழ் வாங்குகிறார்களே, அந்தச் சான்றிதழில் ஒரு குடும்பத்தின் முழுச் சரித்திரமும் இருக்கிறது. கை மடித்த கை ஒரு தலைமுறைக்குள் பட்டம் வாங்குகிற கை ஆனது. இதற்காகத் தேவனைத் துதிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் பிரியமானவர்களே, வளர்ந்தது உயரம் மட்டும் இல்லை. லூக்கா 2-ம் அதிகாரத்தைப் பாருங்கள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை கூட்டத்தோடே வருகிறான் என்று நினைத்து யோசேப்பும் மரியாளும் ஒருநாள் தூரம் வந்துவிட்டார்கள். கவனமில்லாத பெற்றோர் என்று சிலர் பிரசங்கிப்பதுண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. சொந்தக்காரர்களோடே சேர்ந்து நடக்கிற பிரயாணத்தில் பன்னிரண்டு வயசுப் பிள்ளையை யார் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள்? நம் கண்ணில் அவன் இன்னும் போன வருஷத்துப் பிள்ளை. அங்கே போதகர் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறவன் வேறே ஒரு ஆள். மூணு நாளைக்குப் பிறகு அந்த ஆளைப் பார்த்து அவர்கள் பிரமித்தார்கள்.

எங்களுக்கு அப்படி ஒரு சமயம் வந்தது 2020-ல். மார்ச் 25 முதல் ஊரடங்கு. கம்பெனி எல்லாம் மூடி, மிஷின் சத்தமே இல்லாத திருப்பூரை அப்போதுதான் கேட்டேன். பதினஞ்சு வயசு மகனோடே முதல் தடவையாகப் பகல் முழுக்க வீட்டில் இருந்தேன். எங்க காம்பவுண்டில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் உண்டு. ஊருக்குப் போக என்ன செய்வது என்று தவித்துக்கொண்டு இருந்தார்கள். ஒருநாள் பார்த்தால் அவர்கள் நடுவில் உட்கார்ந்து நம்ம பையன் செல்போனில் பெயர் பதிந்து கொடுக்கிறான், இந்தியில் பேசுகிறான்! எப்போ படிச்சே கண்ணு என்று கேட்டேன். "மாடியில இருக்கற பசங்களோட விளையாடியே வந்துருச்சுங்கப்பா" என்றான். வேதாகமத்தின் கடைசித் தாளில் அந்த வருஷம் 168 என்று மட்டும்தான் இருக்கும். இந்தி என்று இருக்காது. டேப் அளக்கிறது கொஞ்சம்தான்.

அந்தச் சகோதரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களில் பிள்ளைகளை ஊரில் பாட்டியிடம் விட்டுட்டு வருஷத்துக்கு ஒரு தடவை போகிறவர்கள் உண்டு. மதுரை, தேனிப் பக்கம் இருந்து வந்து தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஊர் பார்க்கிற நம் சனங்களும் அப்படித்தான். கிளம்புகிறதுக்கு முன்னாடி காதர்பேட்டைக்குப் போய்ப் பாருங்கள். கடைக்காரர் என்ன சைஸ் என்று கேட்டால், அந்த அப்பன் இடுப்புக்கு நேராகக் கையைக் காட்டுவான். பிறகு கொஞ்சம் யோசித்து, கையை ரெண்டு விரக்கடை மேலே தூக்குவான். அன்னாளும் இப்படித்தான் கை தூக்கிக் காட்டியிருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்க்காத பிள்ளையின் வளர்ச்சியை மனசில் வைத்திருந்து, அந்த ரெண்டு விரக்கடையை விட்டு வெட்டுகிறாள்.

பட்டம் வாங்கின பிள்ளைகள் வீட்டில் இருக்கிற பெற்றோருக்குத்தான் இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி. உயரம் நின்றுபோனவுடன் வளர்ச்சியும் நின்றுபோச்சு என்று நினைக்கிறோம். இருபது வயசைத் தாண்டியும் மூளையில் நிதானித்து முடிவெடுக்கிற முன்பகுதி முதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். படிப்பு முடிந்து ஆறு மாசம் வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கிற பையனிடம் நம் ஊரில் சொல்லப்படுகிற வார்த்தைகளை நான் கேட்டிருக்கிறேன். "உன் வயசுல நான் டபுள் ஷிப்ட் பாத்தேன்." "உங்க மாமன் பையனைப் பாரு, மெர்ச்சண்டைசர் ஆயிட்டான்." "இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வெச்சதுக்கு..." சட்டை சின்னதாகிவிட்டது என்று பிள்ளையையா வெட்டுவது? உங்கள் வயசில் நீங்கள் செய்தது உங்கள் சார்ட். அவன் சார்ட் வேறே. கம்பெனியில் ஒரு பையரின் அளவை எடுத்து இன்னொரு பையரின் பீஸை வெட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

என் மகன் மூணு இடத்துக்கு இன்டர்வியூ போய் வந்தான். கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேரப்போகிறேன் என்று ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது சொன்னான். சம்பளம் என் வாரச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான். கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் சேர்த்துவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது, பக்கத்திலேயே இருப்பான் என்று. அவன் தாயார் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் பார்த்த பார்வையில் அந்த நினைப்பை நான் வாய்க்கு வெளியே விடவில்லை. எத்தனை மணிக்குப் பஸ், மத்தியானச் சாப்பாடு எப்படி, யார்கூட வேலை என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரம் பேசினான். இப்போதெல்லாம் அளக்கிறது அப்படித்தான். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறது.

சாமுவேல் என்ன ஆனான் என்று முடித்துவிடுகிறேன். ஆலயத்தில் வளர்ந்து, தீர்க்கதரிசியாகி, ராஜாக்களை அபிஷேகம் பண்ணி, நரைத்துப்போனான். அன்னாளைப் பற்றி இரண்டாம் அதிகாரத்துக்குப் பிறகு வேதம் ஒன்றும் பேசவில்லை. ஆனால் 15-ம் அதிகாரத்தில் சவுல் ராஜா வயசான சாமுவேலின் மேலங்கி ஓரத்தைப் பிடித்து இழுக்க, அது கிழிந்துபோனதாக வாசிக்கிறோம். தமிழ் வேதாகமத்தில் அங்கே வேறே வார்த்தை இருக்கிறது. எபிரெயுவில் அன்னாள் தைத்ததற்குச் சொன்ன அதே வார்த்தைதான், மெயீல். அத்தனை வயசிலும் அவன் மேலே அந்த மாதிரி உடுப்புதான் இருந்திருக்கிறது. அதை யார் தைத்துக் கொடுத்தார்கள் என்று எழுதப்படவில்லை.