நைட் ஷிப்ட், வயிறு, மனசு

அன்புள்ள தங்கைக்கு,

ஒரகடத்தில் நைட் ஷிப்ட் வாரம் வந்தாலே வயிறு கெடுகிறது, காரணமில்லாமல் அழுகையும் வருகிறது என்று எழுதியிருந்தாய். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

குடலையும் மூளையையும் வேகஸ் நரம்பு இணைக்கிறது. 2004-ல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில், கிருமியே அண்டாமல் வளர்ந்த சுண்டெலிகளை அசையவிடாமல் அடைத்தார்கள். மற்ற எலிகளைவிட அவற்றுக்கு மன அழுத்த ஹார்மோன் அதிகம் சுரந்தது. ஒருவகை பிஃபிடோ பாக்டீரியாவைக் குடலில் குடியேற்றியதும் தணிந்தது. 2011-ல் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவைக் கொடுத்துச் சுண்டெலிகளின் பதற்றத்தைக் குறைத்தார்கள். வேகஸ் நரம்பைத் துண்டித்த எலிகளிடம் அந்தப் பலன் இல்லை.

இவையெல்லாம் எலிகள். மனிதர்களிடம் புரோபயாடிக் மாத்திரைகளின் முடிவுகள் இன்னும் கலவையாகவே இருக்கின்றன. சம்பளத்தை அதில் கொட்டாதே. சாப்பாட்டுக்கு நல்ல சான்று உண்டு. 2017-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் மனச்சோர்வு உள்ள 67 பேர் கலந்துகொண்டார்கள். 12 வாரம் காய்கறி, பருப்பு, முழுத்தானியம், மீன் என்று உணவை மாற்றிக்கொண்டவர்களில் 32 சதவீதம் பேர் மீண்டார்கள். பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடியதல்ல.

அதனால்தான் மெஸ் சாப்பாடு மனநலப் பிரச்சினையும்கூட. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஹாஸ்டலில் தங்கியிருந்த பாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் கெட்ட உணவால் நோயுற்று, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. நச்சுணவு வாந்தியோடு முடிந்துவிடுவதில்லை. 2000-ல் கனடாவின் வாக்கர்டன் ஊரில் குடிநீர் மாசுபட்டு நோயுற்றவர்களில் பலருக்கு எட்டு ஆண்டு கழித்தும் குடல் தொல்லை நீடித்தது. முன்பே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்கள் அதில் அதிகம் சிக்கினார்கள்.

உனக்கு முடிந்தது இவ்வளவு: புளித்த தயிரோ மோரோ தினம் ஒரு வேளை. சுத்தமான தண்ணீரில் ஊறிய பழைய சோறு கிடைத்தால் நல்லது. இட்லி மாவின் பாக்டீரியா ஆவியில் செத்துவிடும், ஆனாலும் இட்லி வயிற்றுக்கு இதம். சுண்டல், கீரை, வாழைப்பழம் ஆகியவற்றின் நார்ச்சத்துதான் குடல் பாக்டீரியாவுக்குத் தீனி. குடல் பாக்டீரியாவுக்கும் பகல்–இரவுக் கணக்கு உண்டு. நைட் ஷிப்டில் நள்ளிரவு பிரியாணியைத் தவிர்த்து, சாப்பிடும் நேரத்தை முடிந்தவரை மாற்றாமல் வை.

சோர்வு இரண்டு வாரம் தாண்டினாலோ, வாழவே பிடிக்காததுபோல் தோன்றினாலோ தயிரை நம்பிக் காத்திருக்காதே. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு உடனே போன் செய். கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்