கோடையில் வரவு, வேலை, வீடு: ஓசூர், கிருஷ்ணகிரி குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

ஏப்ரல், மே மாதங்களில் மின்கட்டணமும் ஊர்ப் பயணமும், ஜூனில் பள்ளிக் கட்டணமும் அடுத்தடுத்து வருகின்றன. ஓசூர் சிப்காட் ஆலைகளில் ஷிப்ட் பார்ப்போரும், அத்திப்பள்ளி வழியாக பெங்களூரு சென்று வருவோரும் பணத்தோடு நேரத்தையும் பங்கிட வேண்டியுள்ளது.

• பள்ளிக் கட்டணம்: ஜூனில் 30,000 ரூபாய் தேவையென்றால் மார்ச் முதல் மாதம் 10,000 ரூபாயை, சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும்.

• ஓ.டி. பணம்: ஆலைகளில் கூடுதல் நேர வேலைக்குச் சட்டப்படி இரட்டிப்பு ஊதியம் உண்டு. அது நிலையான வருமானம் அல்ல. மாதச் செலவில் சேர்க்காமல் நகைக்கடனை அடைப்பதே நல்லது.

• விடுப்பு: மே மாதத்தில் பலரும் கேட்பார்கள். ஊர்த் திருவிழா தேதி தெரிந்தவுடன் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

• பயணம்: தினமும் ரயிலில் பெங்களூரு செல்வோருக்கு மாத சீசன் டிக்கெட் செலவைக் குறைக்கும். கர்நாடகப் பேருந்துகளில் பெண்களுக்கான சக்தி திட்ட இலவசப் பயணம் அம்மாநிலத்தவருக்கு மட்டுமே. தமிழ்நாட்டுப் பெண்கள் பேருந்துக் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

• மாந்தோப்பு வருமானம்: பெங்களூரா மா விற்ற பணம் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். மருந்து, உரம், உழவுச் செலவை முதலில் ஒதுக்கி, மீதியைப் 12 மாதங்களுக்குப் பிரிக்க வேண்டும்.

• மின்சாரம்: யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும். ஏ.சி.யை 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் ஓடவிட்டால் செலவு குறையும்.

• குடும்ப நேரம்: வாராந்திர ஷிப்ட் அட்டவணையைச் சமையலறையில் ஒட்டி, நாளுக்கு ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். இரவு ஷிப்ட் முடித்தவர் தூங்கும் நேரத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.