வாட்ஸ் கூடினால் சத்தம் கூடுமா?

பங்குனிப் பொங்கலும் சித்திரைப் பொங்கலும் நெருங்கினால் சிவகாசி வட்டாரத்தில், எம். புதுப்பட்டி போன்ற ஊர்களில், மைக் செட் பேசுவதே வாட்ஸ் கணக்கில்தான். மெல்லிசைக் குழுவின் கிட்டார்காரரும் 15 வாட்ஸ் ஆம்பிளிபயரைக் கொடுத்துவிட்டு 50 வாட்ஸ் வாங்கினால்தான் மேடையில் தன் வாசிப்பு கேட்கும் என்று நம்புகிறார். இந்த நம்பிக்கை தவறு. வாட்ஸ் என்பது ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தின் அளவு, வெளியே வரும் சத்தத்தின் அளவு அல்ல. போவதில் மிகப் பெரும்பகுதி கம்பிச்சுருள் (காயில்) சூடாவதிலேயே போய்விடுகிறது. மீதியை ஸ்பீக்கர் எவ்வளவு சத்தமாக மாற்றுகிறது என்பதைச் சொல்வது உணர்திறன்: 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்ற கணக்கு.

இப்படித் தூரம் சொல்லி அளப்பது பட்டாசு ஊருக்குப் புதிதல்ல. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்பது 1999-இல் வந்த மத்திய அரசு விதி. ஸ்பீக்கரையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல். சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது என்று காது உணர ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு 10 மடங்கு வாட்ஸ் தேவை. 94 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸ் கொடுத்தால் 111 டெசிபல் வரும். 100 டெசிபல் ஸ்பீக்கருக்கு 15 வாட்ஸே போதும், 112-ஐ ஒட்டி வந்துவிடும். கோயில் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் குறைந்த வாட்ஸிலேயே அடுத்த ஊர்வரை கேட்பதற்கும் அதன் உயர்ந்த உணர்திறன்தான் முக்கியக் காரணம்.

"ஒரே டெசிபல் போட்ட இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று மட்டும் ஓங்கிக் கேட்கிறதே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த எண் ஒரு சராசரி. காது எல்லாச் சுருதியையும் ஒன்றுபோலக் கேட்பதில்லை. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையில்தான் அது மிகக் கூர்மை என்பதை பிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். செலஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக் என்ற கிட்டார் ஸ்பீக்கர் 98 டெசிபல், அதே நிறுவனத்தின் ‘விண்டேஜ் 30’ ஸ்பீக்கர் 100 டெசிபல். வித்தியாசம் இரண்டுதான், ஆனால் விண்டேஜ் 30 காது கூர்மையாகக் கேட்கும் அந்தப் பகுதியில் தூக்கலாக ஒலிப்பதால் இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும். ஆம்பிளிபயரில் மிட் (நடுச்சுருதி) குமிழைக் குறைத்து, பாஸையும் டிரெபிளையும் ஏற்றி வைத்த கிட்டார் தனியாகக் கேட்க இனிமையாக இருக்கும். கீபோர்டும் டிரம்ஸும் சேர்ந்ததும் காணாமல் போய்விடும். அங்கே திருப்ப வேண்டியது வால்யூமை அல்ல, மிட்டை.

அதற்காகப் பெரிய ஆம்பிளிபயர் வீண் என்று சொல்லவில்லை. பாஸ் கிட்டாருக்கும், ஓங்கி அடிக்கும்போதும் உடையாமல் சுத்தமாக ஒலிக்க வேண்டிய வாசிப்புக்கும் கூடுதல் வாட்ஸ் அவசியம். ஆனால் சத்தம் போதவில்லை என்பது மட்டுமே குறை என்றால், 97 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கரை மாட்டினாலே ஆம்பிளிபயரை இரட்டிப்பாக்கிய பலன் கிடைக்கும். எனவே கடையில் வாட்ஸோடு டெசிபலையும் கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்லாத ஸ்பீக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.