ஆய்வாளர் பிள்ளைகளும் அமெரிக்கக் குடியேற்றமும்: பெற்றோர் அறிய வேண்டியவை



அல்ஹம்துலில்லாஹ், இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம் பிள்ளைகள் இன்று முனைவர் பட்டம் வரை படிக்கிறார்கள். கூடவே, "விஞ்ஞானி விசா வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்கும் தரகர்களும் வருகிறார்கள். நகையை அடகு வைப்பதற்கும் வட்டிக்குக் கடன் வாங்குவதற்கும் முன்னால், அந்த விசா என்னவென்று நாம் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் 'ஈபி-1ஏ' என்ற பிரிவு உண்டு. தம் துறையில் அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கு நிரந்தரமாக வசிக்கும் உரிமை, அதாவது கிரீன் கார்டு, பெறும் வழி அது. இதற்கு வேலை தரும் நிறுவனம் தேவையில்லை. ஐ-140 என்ற படிவத்தை ஆய்வாளர் தாமே தாக்கல் செய்யலாம். மனைவி அல்லது கணவரும், 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளும் உடன் செல்லலாம்.

நோபல் போன்ற உலகப் பரிசு பெற்றவருக்கு அந்த ஒன்றே போதும். மற்றவர்கள் 10 அளவுகோல்களில் குறைந்தது 3 காட்ட வேண்டும். ஆய்வாளர்களுக்கு அதிகம் பொருந்துபவை: ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகள், பிறர் ஆய்வை மதிப்பிட்ட பணி, துறையை முன்னேற்றிய சொந்தப் பங்களிப்பு. ஆனால் மூன்று இருந்தால் மட்டும் விசா கிடைத்துவிடாது. 2010இல் 'கசாரியன்' வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பின், அதிகாரிகள் இரண்டாவது படியாக எல்லாச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்து, இவர் துறையின் உச்சியில் உள்ள சிலரில் ஒருவரா என்று எடைபோடுகிறார்கள்.

மனு ஏற்கப்பட்டாலும் கிரீன் கார்டு உடனே கைக்கு வராது. வேலைவழிக் குடியேற்றத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 1,40,000 இடங்கள்தாம். பொதுவாக ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு அதில் 7 விழுக்காடுதான் வரம்பு. ஆகவே இந்தியாவில் பிறந்தவர் வரிசையில் காத்திருக்க நேரலாம். "ஆறு மாதத்தில் குடும்பத்தோடு போகலாம்" என்று உறுதி சொல்பவரை நம்ப வேண்டாம்.

பணம் கொடுத்து வாங்கும் விருது, காசுக்கு அச்சிடும் போலி ஆய்விதழ், பிறர் எழுதிய கட்டுரையில் தன் பெயர்: இவை அனைத்தும் பொய்ச்சாட்சியே. மார்க்கத்தில் அது பெரும்பாவம். அமெரிக்கச் சட்டத்திலோ, பொய் சொல்லி விசா கேட்பவருக்கு வாழ்நாள் தடையே வரக்கூடும். கையெழுத்திடுபவர் நம் பிள்ளை, தரகர் அல்ல.

சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பாருங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அன்று இந்தியர்கள் அங்கே குடியேறுவதை 1917ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. அறிவுத்துறையினர் போன்ற சிலருக்கே விலக்கு. இந்தியர்கள் குடியுரிமை பெற 1946இல்தான் சட்டம் வழிவிட்டது. அவர் 1953இல் குடிமகன் ஆனார். நோபல் பரிசு 1983இல் வந்தது. அவருக்குக் கதவைத் திறந்தது அவருடைய ஆய்வு.

எனவே பிள்ளைகள் இன்றே செய்யக்கூடியவை சில:

1. பெயர். பள்ளிச் சான்றிதழில் ஒரு 'முஹம்மது', பாஸ்போர்ட்டில் வேறு எழுத்துக்கூட்டல், கட்டுரையில் இன்னொன்று என்று நம் வீடுகளில் நடக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே எழுத்து இருக்கட்டும். இன்ஷியலை விரிப்பதும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

2. ஆர்சிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண்ணை இலவசமாகப் பெற்று, கட்டுரைகளை அதில் சேர்க்கட்டும்.

3. பிறர் கட்டுரையை மதிப்பிட ஆய்விதழ் அழைத்தால் ஏற்று, அந்த மின்னஞ்சல்களைப் பாதுகாக்கட்டும்.

4. உடன் பணிபுரியாத அறிஞர்களும் தம் ஆய்வை அறியும்படி கருத்தரங்குகளில் பேசட்டும். பரிந்துரைக் கடிதத்தில் அத்தகையவரின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு.

முனைவர் பட்டம் முடித்த கையோடு இதற்கு விண்ணப்பிக்கும் தகுதி பெரும்பாலோருக்கு வராது. அதில் குறையொன்றுமில்லை. பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்குச் சம்பளத்தோடு செல்ல வேறு விசாக்கள் உண்டு. பெற்றோர் பிள்ளையை அவசரப்படுத்தாமல் அவனுக்கும் அவளுக்கும் ஆய்வு செய்யக் காலம் கொடுக்க வேண்டும்.

பயனுள்ள கல்வியையும் ஹலாலான வழியையும் நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.